மாதம் 200 வெள்ளி மிஞ்சினால்: கூட்டா, நகையா, வங்கியா, சேமநிதியா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் வாழும் குடும்பங்களில் வரவு செலவைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரே கேள்விதான் வெவ்வேறு உருவத்தில் வந்து நிற்கிறது. செலவைச் சுருக்கி மாதம் 100 வெள்ளியோ (ரிங்கிட்) 200 வெள்ளியோ மிச்சம் பிடிக்கப் பழகிக்கொண்டவர்கள்கூட, அந்தப் பணத்தை எங்கே வைப்பது என்பதில் தடுமாறுகிறார்கள். ஈப்போவுக்குத் தொழிற்சாலை வேலைக்குப் போய்வரும் திருமணமாகாத இளைஞரிடம் அவருடைய தாயார், "பக்கத்து வீட்டு அக்கா கூட்டு நடத்துறாங்க, நீயும் ஒரு பேர் போடுப்பா" என்கிறார். (கூட்டு என்பது, பலர் மாதந்தோறும் ஒரு தொகையைப் போட்டு, சேரும் பணத்தை மாதம் ஒருவராக எடுத்துக்கொள்ளும் சீட்டு.) செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுபவரின் மனைவி, வீட்டில் தையல் வேலை செய்து சேர்த்த காசில் சங்கிலி எடுப்பதா, வங்கியில் போடுவதா என்று கேட்கிறார். ஈபிஎப் என்று நாம் அழைக்கும் ஊழியர் சேமநிதியில் நாமாகவே கூடுதலாகக் கட்டலாமே என்று மூன்றாவது ஒரு குரலும் இப்போது கேட்கத் தொடங்கியிருக்கிறது.

இந்தப் பணம் சிறியதன்று. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அதிலிருந்து தொழிலாளியின் 11 விழுக்காட்டுச் சேமநிதிப் பங்காக 187 வெள்ளி கழிந்தபின் கைக்கு வருவது 1,500 வெள்ளி அளவுதான். அதில் 200 வெள்ளியை ஒதுக்குபவர், வாடகைக்கும் அரிசி பருப்புக்கும் மோட்டார் சைக்கிள் தவணைக்கும் பிள்ளைகளின் செலவுக்கும் இடையே போராடித்தான் அதை ஒதுக்குகிறார். அவ்வளவு பாடுபட்டு மிச்சப்படுத்திய பணம் தவறான இடத்தில் போய் முடங்குவதும் தொலைவதும் நம் ஊரில் அடிக்கடி நடப்பதால், நான்கு வழிகளையும் ஒரே அளவுகோல்களால் அளந்து பார்ப்பது அவசியமாகிறது.

## எவற்றைக் கொண்டு அளப்பது

வட்டி எவ்வளவு என்பதையே பலரும் முதலில் கேட்கிறார்கள். மாதம் 200 வெள்ளி சேர்ப்பவருக்கு முதலாண்டில் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. மாதந்தோறும் 200 வெள்ளி போட்டு ஆண்டுக்கு 2.5 விழுக்காடு வட்டி பெற்றால், பன்னிரண்டு மாத முடிவில் கிடைக்கும் வட்டி ஏறக்குறைய 32 வெள்ளி. 6 விழுக்காடு என்றாலும் 78 வெள்ளிதான். ஆகவே முதலாண்டில் 2,400 வெள்ளி முழுதாகக் கையில் நிற்கிறதா என்பதே பெரிய விஷயம். வட்டியின் வித்தியாசம் ஆண்டுகள் பல சேர்ந்த பிறகுதான் கனக்கத் தொடங்கும்.

முதல் அளவுகோல் பத்திரம்: பணம் போனால் யார் பதில் சொல்வார்கள்? இரண்டாவது, அவசரத்துக்கு எத்தனை நாளில் கைக்கு வரும், அப்போது எவ்வளவு இழப்போம் என்பது. மூன்றாவது கட்டாயம், அதாவது, மனம் தளரும் மாதத்திலும் பணத்தைப் போடவைக்கும் பிடி அந்த ஏற்பாட்டில் உண்டா என்பது. நான்காவதாகத்தான் செலவுகள் போக மிஞ்சும் வளர்ச்சி.

ஐந்தாவது ஒன்று உண்டு; பண ஆலோசனை சொல்பவர்கள் அதைப் பெரும்பாலும் பேசுவதில்லை. எல்லோரும் எல்லோரையும் அறிந்த சிறு நகரத்தில், உங்களிடம் பணம் இருப்பது யாருக்குத் தெரியும், யார் வந்து கேட்டால் மறுக்க முடியாது என்பதே அது. தம்பியின் மோட்டார் பழுதுக்கும் மாமன் வீட்டு விசேஷத்துக்கும் போய்த் திரும்பாத பணத்தைக் கணக்கிட்டால், பல குடும்பங்களில் அது எந்த வட்டியையும்விடப் பெரிய தொகையாக இருக்கும். உதவுவது தவறு என்று சொல்ல வரவில்லை. உதவும் பணமும் சேமிக்கும் பணமும் ஒரே உண்டியலில் இருந்தால் இரண்டும் நிலைக்காது என்பதே என் கருத்து.

## கூட்டு

கூட்டின் பலம் கட்டாயத்தில் இருக்கிறது. பன்னிரண்டு பேர் மாதம் 200 வெள்ளி கட்டினால், ஒவ்வொரு மாதமும் ஒருவருக்கு 2,400 வெள்ளி போகும். கட்டாமல் விட்டால் மற்றப் பதினொரு பேரின் முகத்தில் விழிக்க முடியாது என்ற எண்ணம், எந்த வங்கிக் கடிதத்தையும்விட வலுவாக வேலை செய்கிறது. வங்கிக் கணக்கில் மூன்று மாதம்கூடத் தொடர்ந்து போட முடியாதவர்கள் கூட்டில் பன்னிரண்டு மாதமும் தவறாமல் கட்டிவிடுகிறார்கள். படிவம் இல்லை, ஈப்போ வரை போகும் அலைச்சல் இல்லை, சம்பளச் சீட்டு காட்ட வேண்டியதில்லை. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமார்கள் இதைக் கொண்டே பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள் என்பதை மறுப்பது நியாயமாகாது.

ஆனால் மறைந்திருக்கும் செலவைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். நம் பக்கம் இரண்டு வகைக் கூட்டுகள் நடக்கின்றன. முறை வைத்து எடுக்கும் கூட்டில் எல்லோரும் ஒரே தொகையைக் கட்டி ஒரே தொகையை எடுக்கிறார்கள். முதலில் எடுப்பவர் வட்டியில்லாக் கடன் பெற்றவர், கடைசியில் எடுப்பவர் வட்டியில்லாமல் கடன் கொடுத்தவர். கடைசி ஆள் இழக்கும் வட்டி மேலே சொன்ன 32 வெள்ளி அளவே என்பதால், கூட்டு ஒழுங்காக நடந்து முடிந்தால் அது பெரிய நட்டமன்று.

தள்ளி எடுக்கும் கூட்டின் கணக்கு வேறு. அவசரம் உள்ளவர் ஒரு தொகையைத் தள்ளிக் கேட்கிறார். இன்னும் எடுக்காத மற்றவர்கள் அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டு கட்டுகிறார்கள். எடுத்துவிட்டவர்கள் முழுத் தொகையைக் கட்டுகிறார்கள். பன்னிரண்டு பேர் உள்ள 200 வெள்ளிக் கூட்டில், முதல் மாதம் நடத்துபவர் எடுத்துக்கொள்ள, இரண்டாம் மாதம் இன்னொருவர் அதே 30 வெள்ளி தள்ளி எடுக்க, மூன்றாம் மாதம் ஒரு பெண்மணி 30 வெள்ளி தள்ளி எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முன்பே எடுத்த இருவரிடமிருந்து 400, எடுக்காத ஒன்பது பேரிடமிருந்து 170 வீதம் 1,530. ஆக 1,930 வெள்ளி அவர் கைக்கு வருகிறது. அவர் அதுவரை கட்டியது 200, 170 என்று 370 வெள்ளி என்பதால், உண்மையில் அவர் வாங்கிய கடன் 1,560 வெள்ளி. இனி ஒன்பது மாதத்துக்கு 200 வீதம் 1,800 வெள்ளி கட்ட வேண்டும். வட்டியாகப் போவது 240 வெள்ளி. மாதந்தோறும் கடன் குறைந்துகொண்டு வருவதைச் சேர்த்துக் கணக்கிட்டால், இது மாதத்துக்கு ஏறக்குறைய 3 விழுக்காட்டு வட்டி. அடகுக் கடைக்குச் சட்டம் அனுமதிக்கும் உச்ச வட்டியே மாதம் 2 விழுக்காடுதான். "கூட்டுதானே, வட்டி கிடையாது" என்று நம்பித் தள்ளி எடுப்பவர், நகையை அடகு வைப்பதைவிடக் கூடுதலாகக் கொடுக்கிறார்.

மறுபக்கம், கடைசி வரை காத்திருப்பவருக்கு அந்தத் தள்ளுபடியே லாபமாகச் சேர்கிறது. சராசரியாக 20 வெள்ளி தள்ளப்பட்டால், அவர் மொத்தம் 2,000 வெள்ளி கட்டி 2,200 வெள்ளி எடுப்பார். காகிதத்தில் இது எந்த வங்கியும் கொடுக்காத லாபம். அந்த லாபம் கிடைப்பது எதற்காக என்பதையும் பார்க்க வேண்டும்: முன்பே எடுத்துவிட்ட பத்துப் பதினொரு பேரும் தொடர்ந்து கட்டுவார்கள் என்ற நம்பிக்கையின் முழுச் சுமையையும் அவர் ஒருவரே தாங்குகிறார். நடத்துபவர் ஊரைவிட்டுப் போனாலும், எடுத்தவரில் இருவர் வேலையிழந்து நின்றாலும், முதலில் வெறுங்கையோடு நிற்பவர் அவர்தான்.

அப்போது யார் பதில் சொல்வார்கள் என்ற கேள்விக்கு, 1971ஆம் ஆண்டின் கூட்டு நிதித் தடைச் சட்டத்தை நினைவில் கொள்ள வேண்டும். சீட்டு, கூட்டு, சீனர்கள் நடத்தும் ஹுவெய் ஆகிய எந்தப் பெயரில் இருந்தாலும், இத்தகைய நிதியைத் தொழிலாக நடத்துவதை அச்சட்டம் குற்றமாக்குகிறது. அக்கம் பக்கத்தில் ஒரே ஒரு கூட்டை நடத்தும் அக்காவும், முகநூலிலும் வாட்சாப்பிலும் ஆள் சேர்த்து ஒரே நேரத்தில் பல கூட்டுகளை நடத்திப் பங்குப்பணம் வாங்குபவரும் ஒன்றல்ல. இரண்டாவது வகையிலிருந்து உடனே விலகிவிட வேண்டும் என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. முதல் வகையிலும், பணம் போனால் வங்கியைப் போலக் காப்புறுதி எதுவும் வந்து நிற்காது. ஒரு நோட்டுப் புத்தகமும் நடத்துபவரின் சொல்லும்தான் பத்திரம்.

கூட்டு பொருந்தும் இடம் குறுகலானது: பத்து, பன்னிரண்டு மாதத்துக்குள் முடியும் கூட்டு, எல்லோரும் ஒரே வேலையிடத்தில், ஒரே சம்பள நாளில் சம்பளம் வாங்குபவர்கள், தள்ளல் இல்லாத முறைக் கூட்டு, தீபாவளிச் செலவு, சாலை வரி, துணி துவைக்கும் இயந்திரம் போன்ற தேதி தெரிந்த தேவை. முழுத் தொகையும் போனால் குடும்பம் ஆடிப்போகும் என்ற அளவுக்குக் கூட்டில் போடக் கூடாது.

## நகை

நகையைப் பற்றி எழுதும்போது ஒரு நியாயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். வீடு தோட்டத்துக்குச் சொந்தம், சம்பளம் கணவன் பெயரில், மோட்டார் தவணையில் என்று இருந்த குடும்பங்களில், ஒரு பெண்ணுக்கென்று சொந்தமாக இருந்த ஒரே சொத்து அவள் கழுத்திலும் காதிலும் இருந்ததுதான். பால்மரக் காட்டில் வேலை செய்த பெண்கள் இரண்டு பவுன் சங்கிலிக்கு ஆசைப்பட்டதை ஆடம்பரம் என்று எழுதுபவர்கள் அந்த வாழ்க்கையை அறியாதவர்கள். கேட்டவுடன் எடுத்துக் கொடுக்க முடியாத உருவத்தில் இருப்பதால், கையில் இருக்கும் ரொக்கத்தைவிட நகை உறவினரின் வேண்டுதல்களை நன்றாகத் தாங்கி நிற்கவும் செய்கிறது.

இருந்தாலும், மாதாந்திரச் சேமிப்பாக நகையைக் கருதும்போது கணக்கு சரிவருவதில்லை. 916 (22 காரட்) நகையின் விலையில் தங்கத்தின் விலையும் செய்கூலியும் சேர்ந்திருக்கின்றன. விற்கும்போது கூலி திரும்புவதில்லை, தங்கத்தின் விலையிலும் கடைக்காரர் ஒரு பகுதியைக் கழிப்பார். கூலி 10 விழுக்காடு, கழிவு 5 விழுக்காடு என்று எடுத்துக்கொண்டால், 2,400 வெள்ளி கொடுத்து வாங்கிய நகைக்கு மறுநாள் கிடைப்பது ஏறக்குறைய 2,070 வெள்ளி. போட்ட பணம் திரும்பவே தங்கம் 16 விழுக்காடு அளவுக்கு ஏற வேண்டும். கல் வைத்த நகையாக இருந்தால் கல்லுக்குக் கொடுத்த காசும் போய்விடும்.

தங்கம் ஏறிக்கொண்டே போகும் என்ற நம்பிக்கைக்கு அண்மைக் காலம் பெரிய ஆதரவு கொடுத்திருக்கிறது. 2025 அக்டோபரில் உலகச் சந்தையில் ஓர் அவுன்ஸ் 4,000 அமெரிக்க டாலரைத் தாண்டியது. ஆனால் 2011இல் 1,900 டாலர் அளவுக்குப் போன அதே தங்கம் 2015 இறுதியில் 1,050 டாலர் அளவுக்கு இறங்கியது என்பதையும், பழைய உச்சத்தை மீண்டும் தாண்ட 2020 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. ரிங்கிட்டின் மதிப்பு அந்த ஆண்டுகளில் குறைந்ததால் நம் நாட்டில் அந்த வீழ்ச்சி அவ்வளவு ஆழமாகத் தெரியவில்லை. அது நம்முடைய திட்டத்தால் வந்த பலனன்று.

அவசரத்துக்கு நகை உதவும் என்பது உண்மை. அதற்கும் விலை உண்டு. 1972ஆம் ஆண்டின் அடகுக் கடைச் சட்டப்படி மாதம் 2 விழுக்காடு வரை வட்டி வாங்கலாம். மீட்க ஆறு மாதம் தவணை. 1,500 வெள்ளிக்கு அடகு வைத்தால் ஆறு மாதத்தில் 180 வெள்ளி வட்டி. நம்முடைய சேமிப்பையே நாம் வட்டிக்கு வாங்குவது இது. அடகு தவிர்க்க முடியாதபோது, அர்-ரஹ்னு என்ற இஸ்லாமிய முறை அடகுச் சேவையை விசாரித்துப் பார்ப்பது நல்லது. அது எல்லா இனத்தவருக்கும் திறந்திருக்கிறது, வட்டிக்குப் பதிலாக நகையின் மதிப்பைக் கொண்டு பாதுகாப்புக் கட்டணம் வாங்குகிறது, பல இடங்களில் சாதாரண அடகைவிடச் செலவு குறைகிறது. பேங்க் ராக்யாட், அக்ரோபேங்க் போன்றவை இச்சேவையை நடத்துகின்றன.

மகளின் திருமணத்துக்கு நகை எப்படியும் எடுக்கத்தான் போகிறோம் என்றால், கல்யாணத்துக்கு ஆறு மாதம் இருக்கும்போது மொத்தமாகத் தடுமாறுவதைவிட, ஆண்டுக்கு ஒரு முறை, கூலி குறைந்த எளிய வளையலாகச் சேர்ப்பது சரியான முடிவு. அணிவதற்கு வாங்குவதை அணிவதற்கென்றே வாங்குங்கள்.

## வங்கிச் சேமிப்பு

வங்கியின் பலம் பத்திரம், பலவீனம் கட்டாயமின்மை. மலேசிய வைப்புத்தொகைக் காப்புறுதிக் கழகமான பிடாமில் உறுப்பியம் பெற்ற ஒவ்வொரு வங்கியிலும், ஒருவருடைய 250,000 வெள்ளி வரையான வைப்புக்குக் காப்புறுதி உண்டு. அதற்குத் தனிக் கட்டணம் இல்லை, விண்ணப்பமும் இல்லை. அஞ்சலகச் சேமிப்பு வங்கியின் பணியை 1974 டிசம்பரில் ஏற்றுக்கொண்ட பேங்க் சிம்பானான் நேஷனல் இந்தக் கழகத்தில் சேர்ந்ததன்று. அங்குள்ள வைப்புக்கு அரசாங்கமே உத்தரவாதம். பழைய அஞ்சலகப் புத்தகத்தை நம்பிய தாத்தாமார்கள் தவறு செய்யவில்லை.

சாதாரணச் சேமிப்புக் கணக்கின் வட்டி பெரும்பாலும் 1 விழுக்காட்டுக்கும் கீழே. நிரந்தர வைப்பு அதைவிட மேல். மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2025 ஜூலையில் அடிப்படை வட்டி விகிதத்தை 2.75 விழுக்காடாகக் குறைத்ததால், வைப்பு வட்டியும் அதையொட்டியே நகர்கிறது. தவணை முடியுமுன் எடுத்தால் வட்டி போகும், முதல் போகாது. 2022இல் உரிமம் வழங்கப்பட்டு அடுத்தடுத்த ஆண்டுகளில் திறக்கப்பட்ட மின்னியல் வங்கிகளிலும் பிடாம் காப்புறுதி உண்டு. கைப்பேசியிலேயே தனித்தனிப் பைகளாகப் பணத்தைப் பிரித்து வைக்கும் வசதி, பட்ஜெட் போடுபவருக்குப் பயன்படும்.

சிறு கசிவுகளையும் கவனிக்க வேண்டும். வேறு வங்கியின் ஏடிஎம்மில் எடுத்தால் ஒவ்வொரு முறையும் 1 வெள்ளி, அட்டைக்கு ஆண்டுக் கட்டணம், ஓராண்டு தொடாத கணக்குக்குச் சேவைக் கட்டணம் என்று போகும். வட்டி 32 வெள்ளி வரும் இடத்தில் இவை பொருட்படுத்த வேண்டிய தொகைகளே.

கட்டாயம் இல்லை என்ற குறையை நீக்க ஒரே ஒரு வழிதான் நம்பத் தகுந்தது: சம்பளம் வரும் கணக்கிலிருந்து, சம்பள நாளுக்கு மறுநாளே, அட்டை எடுக்காத இன்னொரு கணக்குக்கு 200 வெள்ளி தானாகப் போகும்படி வங்கியில் நிலையான கட்டளை கொடுத்துவிடுவது. கூட்டு நடத்தும் அக்கா வாசலில் வந்து நிற்பதன் வேலையை இது செய்துவிடும். மாத இறுதியில் மிஞ்சினால் போடலாம் என்பவர்களுக்கு மிஞ்சுவதே இல்லை. ரொக்கமாகச் சம்பளம் வாங்குபவருக்கு இது எளிதன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவர்களுக்குக் கூட்டின் ஈர்ப்பு இன்னும் நீடிப்பதற்கு இதுவே காரணம்.

## ஊழியர் சேமநிதி

தாமாகவே முன்வந்து சேமநிதியில் கட்டுவதை நம் மக்கள் இன்னும் போதிய அளவு கவனிக்கவில்லை. ஆண்டுக்கு 100,000 வெள்ளி வரை யாரும் கட்டலாம். இலாப ஈவு 2022இல் 5.35, 2023இல் 5.50, 2024இல் 6.30 விழுக்காடு; வழக்கமான சேமிப்புக்குக் குறைந்தது 2.5 விழுக்காடு தர வேண்டும் என்பது சட்டம். பத்திரத்தையும் வளர்ச்சியையும் சேர்த்துப் பார்த்தால் மற்ற மூன்று வழிகளும் இதற்குப் பக்கத்தில் வர முடியாது. உறவினர் யாரும் வந்து கேட்கவும் முடியாது.

இதன் விலை, பணம் பூட்டப்படுவது. 2024 மே 11 முதல் புதிய பணம் மூன்று கணக்குகளாகப் பிரிகிறது: 75 விழுக்காடு ஓய்வுக்காலக் கணக்கு, 15 விழுக்காடு சுபிட்சக் கணக்கு, 10 விழுக்காடு நெகிழ்வுக் கணக்கு. நீங்கள் கட்டும் 200 வெள்ளியில் 150 வெள்ளியை 55 வயது வரை தொட முடியாது. 30 வெள்ளி வீடு, கல்வி, மருத்துவம் போன்ற அனுமதிக்கப்பட்ட தேவைகளுக்கு மட்டும். எந்த நேரத்திலும் எடுக்கக்கூடியது 20 வெள்ளிதான், அதுவும் குறைந்தது 50 வெள்ளியாகச் சேர்ந்த பிறகு. கையிருப்பு எதுவும் இல்லாமல் எல்லாவற்றையும் இங்கே போடுபவர், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கடனுக்குத்தான் போக வேண்டும். உரிமம் பெற்ற வட்டிக்கடை ஈடில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கூடாது. உரிமமில்லாத வட்டிக்காரரான ஆலோங்கிடம் போனால் அந்த வரம்பும் இல்லை. சேமநிதியில் 6 விழுக்காடு சம்பாதித்து வெளியே 18 விழுக்காடு கட்டுவதை யாரும் சேமிப்பு என்று சொல்ல முடியாது.

ஒரு பிரிவினருக்கு மட்டும் இந்தக் கணக்கு முற்றிலும் மாறுகிறது. நாசி லெமாக் கடை, தையல், முடிதிருத்தும் கடை, கிராப் ஓட்டுவது, புல் வெட்டும் சொந்தத் தொழில் என்று நிலையான முதலாளி இல்லாதவர்களுக்கு ஐ-சாரான் என்ற திட்டம் உண்டு. 60 வயதுக்குட்பட்ட குடிமக்கள் அதில் பதிந்துகொண்டு கட்டினால், 2025 முதல், அவர்கள் கட்டும் தொகைக்கு 20 விழுக்காடு, ஆண்டுக்கு 500 வெள்ளி வரை, வாழ்நாளில் 5,000 வெள்ளி வரை அரசாங்கம் ஊக்கத்தொகை சேர்க்கிறது. மாதம் 200 வெள்ளி கட்டும் தையல்கார அக்காவுக்கு ஆண்டுக்கு 480 வெள்ளி கூடுதலாக வரும். இலாப ஈவு அதற்கு மேல். பதிவு செய்யாமல் கட்டினால் ஊக்கத்தொகை வராது என்பதால், கைப்பேசிச் செயலியிலோ சேமநிதி அலுவலகத்திலோ முதலில் பதிய வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. குத்தகைக்காரரிடம் தினமும் வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்குபவர் சுயதொழில் செய்பவர் அல்லர். அவருக்குச் சேமநிதி கட்டுவது முதலாளியின் கடமை, அதுவும் 5,000 வெள்ளி வரையான சம்பளத்துக்கு 13 விழுக்காடு. ஐ-சாரானைக் காட்டி அந்தக் கடமையிலிருந்து யாரும் நழுவ இடங்கொடுக்க வேண்டாம்.

## கூட்டுறவும் அலகுகளும்

பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடலில் வேலையிழந்த தொழிலாளர்களின் சிறு தவணைகளைத் திரட்டித் தோட்டங்களையே வாங்கலாம் என்று 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிய துன் வீ. தி. சம்பந்தன் நம் சுங்கை சிப்புட்காரர். கூட்டுறவுப் பங்கு மீது இங்குள்ள மூத்தவர்களுக்கு இருக்கும் பற்று அந்த வரலாற்றிலிருந்து வருவது. பற்றுக்குரியது என்பதும் பத்திரமானது என்பதும் வேறு. 1986இல் நாட்டில் வைப்புத்தொகை வாங்கிய 24 கூட்டுறவுகள் முடக்கப்பட்டபோது பணம் போட்டவர்கள் பட்ட பாட்டை இன்றும் நினைவுகூர்பவர்கள் உண்டு, கூட்டுறவு வைப்புக்குப் பிடாம் காப்புறுதியும் கிடையாது. அமானா சகாம் மலேசியா போன்ற, விலை மாறாத முதலீட்டு நிதி அலகுகள் நல்லவை. ஆனால் பூமிபுத்ரா அல்லாதவருக்கு ஒதுக்கீடு வரையறுக்கப்பட்டிருப்பதால் நினைத்த மாதத்தில் வாங்க முடிவதில்லை. கிடைக்கும்போது வாங்கலாம், அதை நம்பி மாதத் திட்டம் போட முடியாது.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | கூட்டு | நகை | வங்கி | சேமநிதி |
|---|---|---|---|---|
| பத்திரம் | நடத்துபவரின் நாணயம் மட்டும் | திருட்டுப் பயம் | காப்புறுதி உண்டு | சட்டப் பாதுகாப்பு உண்டு |
| அவசரத்துக்கு | முறை வந்தால்தான்; தள்ளி எடுத்தால் நட்டம் | அன்றே; அடகு வட்டியோடு | அன்றே | பத்தில் ஒரு பங்கு மட்டும் |
| கட்டாயம் | மிக வலுவானது | இல்லை | தானியங்கிக் கட்டளை இருந்தால் உண்டு | இல்லை. போட்டபின் பெரும்பகுதியை எடுக்க முடியாது |
| மறைந்த செலவு | தள்ளல், ஏமாற்றம் | செய்கூலி, கழிவு | சிறு கட்டணங்கள் | பணம் பூட்டப்படுவது |
| உறவினர் கைக்கு | எடுக்கும் மாதம் ஊருக்கே தெரியும் | அடகுக்குக் கேட்பார்கள் | சொன்னால்தான் தெரியும் | எட்டாது |

## தனியாள், குடும்பத்தினர்

திருமணமாகாத இளைஞருக்கு என் பரிந்துரை தெளிவானது. சம்பளத்தில் சேமநிதி ஏற்கனவே பிடிக்கப்படுவதால், முதலில், மூன்று மாதச் செலவுக்கான தொகை சேரும் வரை 200 வெள்ளி முழுவதும் வங்கிக்கே போகட்டும். அது சேர்ந்தபின் பாதியைச் சேமநிதிக்கோ நிரந்தர வைப்புக்கோ திருப்பலாம். அம்மாவின் வற்புறுத்தலுக்காகக் கூட்டில் ஒரு பேர் போடுவதானால், அம்மாவுக்குக் கொடுக்கும் பணமாக அதை எண்ணிக்கொள்ளட்டும். தன்னுடைய சேமிப்பில் அதைச் சேர்த்து எழுதக் கூடாது. சேமநிதியில் வாரிசுப் பெயர் பதிவதை இளைஞர்கள் தள்ளிப்போடுகிறார்கள். பெற்றோர் பெயரையாவது இப்போதே பதிந்துவிட்டு, திருமணத்துக்குப் பின் அதை மறுபடி பார்க்க வேண்டும்.

கணவன் தோட்டத்திலும் மனைவி வீட்டுத் தொழிலிலும் இருக்கும் குடும்பத்துக்கு 100, 100 என்று பிரிப்பதே நல்லது. ஒரு 100 வெள்ளி இருவரும் அறிந்த வங்கிக் கணக்குக்கு, அவசரத்துக்காக. மற்ற 100 வெள்ளி மனைவியின் பெயரில் ஐ-சாரானுக்கு. அதற்கு ஆண்டுக்கு 240 வெள்ளி ஊக்கத்தொகை வரும். கணவனுக்கு முதலாளி கட்டும் ஓய்வுப் பணம் இருக்கிறது. ஆயுள் முழுதும் உழைத்த மனைவிக்கு 55 வயதில் தன் பெயரில் ஒரு காசும் இல்லாத நிலை நம் தோட்டக் குடும்பங்களில் போதும் போதும் என்ற அளவுக்கு நடந்துவிட்டது. முன்பு நகை செய்த அந்த வேலையை, செய்கூலி இழப்பு இல்லாமல் இந்தக் கணக்கு செய்யும். கடன் ஏற்கனவே இருக்கும் குடும்பம் இவற்றில் எதையும் தொடங்குமுன், மாதம் 2 விழுக்காடும் அதற்கு மேலும் வட்டி தின்னும் கடனை அடைப்பதற்கே அந்த 200 வெள்ளியைத் திருப்ப வேண்டும்.

## இப்போது கூட்டின் நடுவில் இருப்பவர்களுக்கு

இதைப் படித்துவிட்டுப் பாதியில் கட்டுவதை நிறுத்திவிடாதீர்கள். அது மற்றவர்களின் பணத்தை ஆபத்தில் வைப்பது, உங்கள் பணமும் திரும்பாது. முறை முடியும் வரை கட்டுங்கள். நடத்துபவரிடம் எல்லோருடைய பெயரும் எடுக்கும் மாதமும் எழுதிய பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். ரொக்கத்துக்குப் பதிலாக வங்கி மாற்றலில் கட்டி, குறிப்பில் மாதத்தைக் குறியுங்கள். தள்ளி எடுக்கும் எண்ணம் இருந்தால், அடகு வட்டியோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கேளுங்கள். உங்கள் முறையில் கைக்கு வரும் தொகை, ஊருக்குத் தெரிந்த பணம் என்பதால், அன்று மாலைக்குள் வங்கிக்குப் போய்விட வேண்டும். அடுத்த கூட்டுக்கு அக்கா பெயர் கேட்டு வரும்போது, பாதித் தொகைக்கு மட்டும் பெயர் கொடுத்துவிட்டு, மறுபாதிக்கு வங்கியில் நிலையான கட்டளை எழுதிக் கொடுங்கள்.